மூலையில் கிடக்கும் கம்ப்யூட்டருக்கு ஒரு சிபாரிசு



நம் கம்ப்யூட்டர் அறையில் ஜன்னல் ஓரமாக பழைய போர்வை போர்த்தி மூன்று கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆன் செய்தால் விண்டோஸ் வருவதற்குள் பீரியட் மணி அடித்துவிடும். ஒன்றுக்கு மவுஸே இல்லை. "இதெல்லாம் டப்பா, ஏலத்துல போட்டுடலாம்"னு பேசிக்கிறாங்க. போட வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்ல எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் சித்தி பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப் எங்கள் வீட்டில் இருக்கிறது. 2011 இல் ஆரம்பித்த திட்டம் அது. என் தாத்தா போட்டோ எல்லாம் அதற்குள்ளேதான். குறுவை நாற்று நடும்போது வரப்பில் மண்வெட்டியோடு நிற்பது, 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் விழுந்த தென்னை மேல் உட்கார்ந்திருப்பது, என்னைத் தோளில் தூக்கி வைத்திருப்பது எல்லாம். தாத்தா 2020 இல் இறந்துவிட்டார். வேறு எங்கேயும் அந்தப் படங்கள் இல்லை. ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பது ஒரே ஒரு ரேஷன் கார்டு போட்டோதான், அதில் தாத்தா மாதிரியே இருக்காது.

போன வருடம் லேப்டாப் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து நின்றுவிடும். கடையில் கொடுத்தோம். "உள்ள இருக்கறது எல்லாத்தையும் அழிச்சிட்டுதான் புதுசா விண்டோஸ் போடணும்"னு சொல்லிட்டாங்க. பாட்டி ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவும் இல்லை.

எங்கள் தெருவில் பாலிடெக்னிக் படிக்கிற ஒரு அண்ணன் இருக்கிறார். அவர் ஒரு பென் டிரைவில் லினக்ஸ் வைத்திருந்தார். அதை லேப்டாப்பில் செருகி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பினார். படம் கிடையாது, ஐகான் கிடையாது, மறுபடியும் கறுப்புத் திரைதான். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. லேப்டாப் டிஸ்க்கையும் இன்னொரு காலி பென் டிரைவையும் இணைக்க ஏதோ இரண்டு வரி அடித்தார். அதற்கு மவுண்ட் செய்வது என்று பேர். அப்புறம் எம், சி என்று இரண்டே எழுத்து அடித்து என்டர் தட்டினார்.

திரை நீலமாகிவிட்டது! இடது பக்கம் ஒரு கட்டம், வலது பக்கம் ஒரு கட்டம். இடதில் லேப்டாப்பில் உள்ள ஃபைல்கள், வலதில் காலி பென் டிரைவ். கீழே வரிசையாக எண் போட்டு காப்பி, மூவ், டெலிட் என்று எழுதியிருந்தது. "பாத்தியா தங்கச்சி, எந்த பட்டனை அமுக்கணும்னு அதுவே சொல்லுது. மனப்பாடம் பண்ண வேண்டாம்" என்றார் அண்ணன். மேல் கீழ் அம்புக்குறி போட்டுப் போகலாம். டேப் தட்டினால் அந்தப் பக்கக் கட்டத்துக்குத் தாவும். இன்சர்ட் தட்டினால் ஃபைல் மஞ்சளாகும், அதாவது தேர்ந்தெடுத்தாச்சு. எஃப் 5 தட்டினால் இந்தக் கட்டத்தில் இருப்பது அந்தக் கட்டத்துக்குக் காப்பி ஆகும். மவுஸைத் தொடவே இல்லை.

ஒரு சிக்கல் வந்தது. சித்தி ஃபோல்டருக்குத் தமிழில் 'தாத்தா' என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தத் திரையில் தமிழ் வரவில்லை, புரியாத குறிகளாகத்தான் தெரிந்தது. அதனால் ஒவ்வொரு ஃபோல்டராக உள்ளே போய், தேதியைப் பார்த்துக் கண்டுபிடித்தோம். 2018 நவம்பர் தேதி வந்ததும் நான் கத்திவிட்டேன். படத்தை அங்கே பார்க்க முடியாது, எழுத்து மட்டும்தானே. நம்பி எஃப் 5 தட்டினோம். நடுவில் சில ஃபைலில் பிழை என்று நின்றது. ஸ்கிப் கொடுத்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனது. பிறகு அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்தால் ஒன்பது படம் தவிர மற்றது எல்லாம் வந்திருந்தது. பாட்டி தாத்தாவைப் பார்த்து "மீசையை ஒழுங்கா வெட்ட மாட்டாரு" என்று மட்டும் சொன்னார்கள்.

அந்த புரோகிராமின் பேர் மிட்நைட் கமாண்டர். இதைப் பற்றி அண்ணனிடம் கேட்டும் தேடியும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். 1986 இல் ஜான் சோச்சா என்பவர் டாஸ் கம்ப்யூட்டர்களுக்காக நார்ட்டன் கமாண்டர் என்று ஒன்று எழுதினார். இரட்டைக் கட்டம் வைத்தது அதுதான், ஆனால் அது காசு கொடுத்து வாங்குவது. 1994 இல் மெக்சிகோ நாட்டில் மிகேல் டி இகாசா என்ற இளைஞர் அதே மாதிரி ஒன்றை லினக்ஸ், யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களுக்காக எழுதி இலவசமாகவே கொடுத்துவிட்டார். அவருக்கு அப்போது இருபது வயதுக்குக் கொஞ்சம்தான் மேலே. இலவசம் மட்டும் இல்லை, அது எப்படி எழுதப்பட்டது என்ற மூல நிரலையும் சேர்த்துக் கொடுத்தார். அதனால்தான் முப்பது வருடம் தாண்டியும் வேறு வேறு ஆட்கள் கை மாற்றிக் கை மாற்றி அதைச் சரிபார்த்துக்கொண்டே வருகிறார்கள்.

இதற்கு ஓப்பன் சோர்ஸ் என்று பேர். புரியாதவர்கள் நம் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்து நெல் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். நெல் ஜெயராமன் ஐயா பாரம்பரிய விதை நெல்லை 2 கிலோ கொடுத்து வந்தார். அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டியிருந்தது. அதை இன்னும் இரண்டு பேருக்குக் கொடுக்கலாம். காசு வேண்டாம், ஆனால் விதையைப் பூட்டி வைக்கக் கூடாது. மிட்நைட் கமாண்டருக்கும் ஏறக்குறைய அதே நிபந்தனைதான். யாரும் எடுக்கலாம், மாற்றலாம். மாற்றியதை மற்றவருக்குக் கொடுத்தால் மூல நிரலையும் மறைக்காமல் கொடுக்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்கும் இந்தப் பக்கம் ஒரு பழைய தொடர்பு உண்டு என்பது எனக்கே ஆச்சரியம். 1999 முதல் 2001 வரை திருவாரூர் கலெக்டராக இருந்த உமாசங்கர் அவர்கள் காலத்தில்தான் நம் தாலுகா ஆபீஸ் நில ஆவண வேலைகள் கம்ப்யூட்டருக்கு வந்தன. அவரே பிறகு எல்காட் நிறுவனத்தில் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது அங்கே லினக்ஸைக் கொண்டுவந்தார். சித்தியின் லேப்டாப்பிலும் விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸ் இருந்தது. அது நம் நாட்டு சி-டாக் நிறுவனம் தயாரித்தது. சித்தி அதை ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லையாம். "அது என்னன்னு யாரும் சொல்லிக் குடுக்கலடி" என்றார்கள். எனக்கு இதுதான் வருத்தம். கையில் கொடுத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விட்டால் எப்படி?

போன வாரம் என் தோழிகள் ஐந்து பேரிடம் கேட்டேன், "உங்க வீட்டு போன்ல போட்டோ எங்க இருக்கு?" எல்லோரும் "கேலரில" என்றார்கள். கேலரி என்பது ஜன்னல், அறை இல்லை. எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. எனக்கும் முன்பு தெரியாதுதான். அந்த நீலத் திரையில் ஒவ்வொரு ஃபோல்டராக ஏறி இறங்கிய பிறகுதான் ஃபைல் என்றால் அதற்கு ஒரு இடம், ஒரு வழி, ஒரு அளவு, ஒரு தேதி உண்டு என்று விளங்கியது.

இன்னொன்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நம் கம்ப்யூட்டர் பீரியடில் ஒரு சிஸ்டத்துக்கு நாலு பேர் உட்காருகிறோம். மவுஸ் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கற்றுக்கொள்கிறார். மற்ற மூன்று பேர் வேடிக்கை. மூலையில் உள்ள மூன்றையும் எடுத்தால் பன்னிரண்டு பேருக்காவது கை வைக்க இடம் கிடைக்கும். மிட்நைட் கமாண்டர் ஓடுவதற்கு மிகவும் கொஞ்சம் நினைவகம் போதும்.

"பரிட்சையில் வராது, ஆபீஸில் எல்லாம் விண்டோஸ்தான்" என்று சிலர் சொல்லலாம். வாஸ்தவம். விண்டோஸை விடச் சொல்லவில்லை, நல்ல சிஸ்டங்களில் அது இருக்கட்டும். இதில் குறையும் இருக்கிறது. படம் பார்க்க முடியாது. தமிழ்ப் பேர் அந்தக் கறுப்புத் திரையில் வராதது பெரிய குறை, எனக்கு அதில் கோபமே உண்டு. எஃப் 8 தட்டினால் ஒரு தடவை கேட்கும், ஆமாம் என்றால் போயே போச்சு, குப்பைத் தொட்டியில் தேட முடியாது. நான் என் கட்டுரை ஒன்றை அப்படித்தான் தொலைத்தேன். அதனால் முதல் பத்து நாள் யாரும் எஃப் 8 பக்கம் போக வேண்டாம்.

தலைமை ஆசிரியர் அவர்களை இந்தச் சுவர் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். ஏலத்துக்கு முன்னால் ஒரே ஒரு மாதம் அந்த மூன்றையும் எங்களிடம் விடுங்கள். முதலில் உள்ளே பள்ளி ஃபைல் ஏதாவது இருந்தால் காப்பி எடுத்துக் கொடுக்கிறோம். அண்ணன் கொடுத்த பென் டிரைவ் என் ஜியாமெட்ரி பாக்ஸில்தான் இருக்கிறது. மதியம் சாப்பாட்டு மணிக்குப் பிறகு இருபது நிமிடம் போதும். வர விரும்புகிறவர்கள் இந்தத் தாளின் ஓரத்தில் பேர் எழுதுங்கள், பென்சில் கயிற்றில் கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி