வளாகத் தூதர்: பொறுப்பு மாணவருக்கு, பயன் நிறுவனத்துக்கு

கல்வியாண்டு தொடங்கும்போதெல்லாம் இந்தியக் கல்லூரிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ‘வளாகத் தூதர் தேவை’ என்னும் அறிவிப்பு வலம்வருகிறது. இணையவழிப் பயிற்சி நிறுவனங்கள், நிதிச் செயலிகள், ஆடை நிறுவனங்கள் எனப் பலவும் மாணவர்களை அழைக்கின்றன. கேட்கப்படும் தகுதி பெரும்பாலும் ஒன்றே: எத்தனை பேரை அறிவீர்கள்? கைம்மாறாகக் கிடைப்பவை ஒரு சான்றிதழ், தள்ளுபடிக் கூப்பன், சேர்த்துவிடும் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு சிறுதொகை. விளம்பரத் தூதர் என்னும் தொழிலின் முதற்படி இது என்று மாணவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அந்த முதற்படி யாருடைய தோள்மீது கட்டப்பட்டுள்ளது என்பதைக் கல்விப்புலம் இன்னும் உரிய அளவில் ஆராயவில்லை.

விளம்பரத் தூதர் என்பவர் இந்தியாவுக்குப் புதியவரல்லர். 1941-இல் நடிகை லீலா சிட்னிஸ் லக்ஸ் சோப்பின் விளம்பரத்தில் தோன்றினார். பின்னர் கிரிக்கெட் வீரர் ஃபரூக் எஞ்சினியர் பிரில்கிரீம் விளம்பரத்தின் முகமானார். இவர்கள் அளித்தது தம் புகழை. விளம்பரத்தைக் கண்டவர்களும் ஒரு நட்சத்திரம் பணம் பெற்றுக்கொண்டு பேசுகிறார் என்பதை அறிந்தே கண்டார்கள். வளாகத் தூதரிடம் விற்பதற்குப் புகழ் இல்லை. இருப்பது நம்பிக்கை மட்டுமே. விடுதித் தோழி, ஆய்வக நண்பர், இளநிலை மாணவர் ஆகியோர் அவர்மீது வைத்துள்ள நம்பிக்கையே அங்கே சரக்காகிறது. ‘அக்கா சொன்னாரே’ என்று பயிற்சி வகுப்பில் சேர்ந்து, கட்டணத்துக்குத் தவணைக் கடனும் எடுக்கும் முதலாண்டு மாணவிக்கு, அந்த அக்காவுக்கு அதில் தரகு உண்டு என்பது தெரியாமலே போகலாம்.

இவ்விடத்தில் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பரிந்துரைப்பவரையும் பொறுப்பாக்குகிறது. அதன் 21-ஆம் பிரிவின்படி முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் தவறினால் 50 லட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம். முதல்முறை ஓராண்டு வரையும், மீண்டும் தவறினால் மூன்றாண்டுகள் வரையும் பரிந்துரை செய்யவே தடை விதிக்கலாம். கூற்றின் உண்மையை உரிய கவனத்துடன் சரிபார்த்தவருக்கு மட்டுமே விலக்கு உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பரிந்துரைப்பவருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாக அறிவிக்கக் கோருகின்றன. 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும், பொய் விளம்பரங்களுக்குப் பிரபலங்களும் சமூக ஊடகச் செல்வாக்காளர்களும் சமப் பொறுப்புடையவர்களே என்று கூறியது.

ஆனால் அதே மாணவர் உழைப்பாளி என்ற நிலையில் நிற்கும்போது சட்டத்தின் குரல் மங்கிவிடுகிறது. தொழிற்பழகுநர் சட்டம், 1961, பழகுநருக்கு ஒப்பந்தத்தையும் உதவித்தொகையையும் உறுதிசெய்கிறது. வளாகத் தூதர் பொதுவாகப் பழகுநராகப் பதிவு பெறுவதில்லை. அவர் பணியாளரும் அல்லர். ‘தன்னார்வலர்’, ‘தூதர்’ போன்ற சொற்கள் ஊதியம் என்னும் சொல்லையே உரையாடலிலிருந்து அகற்றிவிடுகின்றன. பொறுப்பு சுமத்தப்படும்போது அவர் பரிந்துரையாளர். கூலி கேட்கும்போது அவர் அனுபவம் தேடும் மாணவர். இந்த இரட்டைநிலையே சிக்கலின் மையம்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. அதைப் புறந்தள்ள இயலாது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழில்துறைத் தொடர்புகள் வீட்டிலிருந்து வருவதில்லை. அந்நியரிடம் பேசவும், நிகழ்ச்சி நடத்தவும், ஒரு பொருளின் சந்தையைப் புரிந்துகொள்ளவும் இப்பணி கற்றுத்தருகிறது. சிலருக்கு விடுதிக் கட்டணத்தின் ஒரு பகுதியும் தேறுகிறது. எனவே தடைசெய்வது தீர்வாகாது. தடை இப்பணியை மறைவில் நடக்கச் செய்யும், அவ்வளவே. பயிற்சி என்ற பெயரில் வழங்கப்படும் பணி, பயிற்சிக்குரிய நெறிகளுக்கு உட்பட வேண்டும் என்பதே கோரிக்கை.

இத்தொழிலில் இறங்க விரும்பும் மாணவர் கையொப்பமிடுமுன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். ஊதியமும் பணிநேரமும் எழுத்தில் உள்ளனவா? விளம்பரக் கூற்றுகளுக்கு நிறுவனம் சான்று தருகிறதா? தனக்குக் கிடைக்கும் பயனை நண்பர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல அனுமதி உண்டா? வகுப்புத் தோழர்களின் தொலைபேசி எண்களைக் கேட்கிறார்களா? மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்றோ, நான்காவதற்கு ‘ஆம்’ என்றோ விடை வந்தால், அது தொழிலின் தொடக்கமன்று. பிறருடைய எண்களை அவர்களின் ஒப்புதலின்றி ஒப்படைக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

கல்வி நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. வளாகத்தில் ஆள்சேர்க்கும் நிறுவனங்களின் ஒப்பந்த மாதிரியை வேலைவாய்ப்புப் பிரிவு கேட்டுப் பெறலாம். எந்த மாணவர் எந்த நிறுவனத்தின் தூதர் என்ற பட்டியலை அறிவிப்புப் பலகையில் வெளியிடலாம். வணிகவியல், ஊடகவியல், சட்டத் துறைகள் 21-ஆம் பிரிவைப் பாடத்திட்டத்தோடு நிறுத்தாமல் புதிய மாணவர் வரவேற்பு நாளிலேயே விளக்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை.

பல்கலைக்கழகம் என்பது ஒருவர் சொல்வதை மற்றவர் ஆதாயக் கணக்கின்றி நம்பக்கூடிய அரிதான இடங்களுள் ஒன்று. ஆய்வுரையாடலும் நூல் பரிந்துரையும் அந்த நம்பிக்கையின்மீதே நடக்கின்றன. ஒரு கூப்பனுக்கு ஈடாக அதனைக் கரையவிட்டால், இழப்பு அந்த மாணவரோடு நிற்காது. அடுத்த ஆண்டு ஒரு நல்ல நூலைப் பரிந்துரைக்கும் மூத்த மாணவரையும் இளையவர்கள் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள்.