ஞாயிறு முகூர்த்தம்... புதன்கிழமை ஃப்ளைட்! - வெளிநாட்டு லீவுக்குக் காத்திருக்கும் கல்யாண வீடுகள்

பழனிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் பாலசமுத்திரம் மாதிரியான ஊர்களில் முன்பெல்லாம் கல்யாணத் தேதி குறிக்க மூணு பேர் போதும். ஜோசியர், மண்டபக்காரர், சமையல்காரர். இப்போது நாலாவதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார், அவர் வெளிநாட்டு மேனேஜர். "அமெரிக்காவுல இருக்கறவனுக்கு லீவு கிடைக்குமான்னு கேட்டுட்டு மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுங்க" என்பதுதான் இன்றைக்குப் பல வீடுகளில் முதல் பேச்சு.

இதில் இருக்கும் சிக்கலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சேர்ந்தாற்போல லீவு கிடைப்பது கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்தில். நமக்கு அது மார்கழி. கல்யாணம் வைக்க மாட்டோம். வளைகுடா நாடுகளில் பள்ளிகளுக்குப் பெரிய விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். அதில் பாதிக்கு மேல் ஆடி, அதிலும் முகூர்த்தம் கிடையாது. அவர்களுக்கு லீவு இருக்கும்போது நம்மிடம் முகூர்த்தம் இல்லை. நம்மிடம் வரிசையாக முகூர்த்தம் இருக்கும் தை, கார்த்திகையில் அவர்களுக்கு லீவு இல்லை. இந்த இடுக்கில்தான் 'வீக்எண்ட் கல்யாணம்' முளைத்தது. வெள்ளிக்கிழமை வந்து இறங்கி, சனிக்கிழமை ரிசப்ஷன், ஞாயிறு காலை தாலிகட்டு, திங்கள் ஒருநாள் குலதெய்வம் கோயில், புதன்கிழமை விமானம்.

அவ்வளவு அவசரமாக வந்தே ஆகணுமா, வீடியோவில் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். பார்வையாளருக்குப் போதும்தான். ஆனால் நம்ம கல்யாணத்தில் ரத்த சொந்தங்கள் யாரும் பார்வையாளர் இல்லையே. தாய்மாமன் மாலை எடுத்துப் போட வேண்டும், சீர் கொண்டு வர வேண்டும். கொங்குப் பக்கத்து வழக்கம் உள்ள வீடுகளில் மாப்பிள்ளையின் சகோதரி இல்லாமல் இணைச்சீர் நடக்காது. தாலியில் நாத்தனார் முடிச்சுப் போட வேண்டிய பெண் நியூஜெர்சியில் இருந்தால், பெரியப்பா மகளைப் பிடித்து ஒப்பேற்றலாம். "கூடப் பொறந்தவ இருந்தும் இல்லாமப் போச்சே" என்று அம்மா பந்தியில் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் இருபத்து நாலு மணி நேரம் பறந்து வருகிறார்கள்.

வருகிற வழியும் சுலபமில்லை. பழனி வட்டாரத்துக்கு கோயம்புத்தூர், மதுரை, திருச்சி என மூன்று பன்னாட்டு விமானங்கள் வந்துபோகும் ஊர்கள் உண்டு. ஆனால் அமெரிக்காவிலிருந்தோ லண்டனிலிருந்தோ நேராக இந்த மூன்றுக்கும் வர வழியில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ, இல்லை வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மாறித்தான் வரவேண்டும். அந்த இரண்டாவது விமானம் எவ்வளவு நம்பத்தகுந்தது என்பதை 2025 டிசம்பர் முதல் வாரம் காட்டிக்கொடுத்தது. விமானிகளின் பணிநேர விதிகள் மாறியதற்குத் தயாராக இல்லாத இண்டிகோ நிறுவனம் அடுத்தடுத்து விமானங்களை ரத்து செய்தது. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல். நம் கணக்கில் அது கார்த்திகை முகூர்த்தக் காலம். கர்நாடகத்தின் ஹூப்ளியில் தங்கள் வரவேற்புக்கே வர முடியாத புதுமணத் தம்பதி, புவனேஸ்வரத்திலிருந்து வீடியோவில் தலைகாட்ட, மேடை நாற்காலிகளில் பெற்றோர் உட்கார்ந்திருந்த படம் நாடு முழுக்கப் பரவியது. எல்லோரும் சிரித்துப் பகிர்ந்தார்கள். அந்தப் பெற்றோரின் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது.

அதனால் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கடைசிக் கட்டத்துக்கு ரயிலையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. சென்னை சென்ட்ரலிலிருந்து பாலக்காடு போகும் இரவு ரயில் பழனி வழியாகத்தான் போகிறது. இணைப்பு விமானம் கைவிட்டாலும், படுக்கை கிடைத்தால் காலையில் ஊர் வந்துவிடலாம்.

விமானம் ரத்தானால் ஒருநாள் தாமதம், அவ்வளவுதான். விசா சிக்கினால் வேலையே போகலாம். கல்யாண வீடுகள் இன்னும் முழுசாகப் புரிந்துகொள்ளாத விஷயம் இதுதான். ஹெச்-1பி விசாவில் இருப்பவர் அமெரிக்காவுக்குள் சட்டப்படி வேலை பார்த்துக்கொண்டே இருக்கலாம். பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருந்தாலும் அங்கே பிரச்னை இல்லை. ஆனால் நாட்டை விட்டு ஒருமுறை வெளியே வந்தால், புது முத்திரை இல்லாமல் திரும்ப நுழைய முடியாது. அதனால் ஊருக்கு வருகிறவர்கள் கல்யாணத்தோடு சேர்த்து சென்னைத் தூதரகத்தில் 'ஸ்டாம்பிங்' முடித்துவிட்டுப் போவது பல வருடப் பழக்கம்.

2025-ல் அந்தப் பழக்கத்துக்கு வரிசையாக அடி விழுந்தது. செப்டம்பரில், நேர்காணல் இல்லாமல் விசா புதுப்பிக்கும் 'டிராப்பாக்ஸ்' வசதி பெரும்பாலானவர்களுக்கு நின்றது. அதே மாதம் 19-ம் தேதி, ஹெச்-1பி-க்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று டிரம்ப் கையெழுத்துப் போட்டார். யாருக்குப் பொருந்தும் என்பது தெளிவாகாத அந்த ஒருநாளில், ஊருக்கு வந்திருந்தவர்கள் அலறியடித்துக்கொண்டு டிக்கெட் தேடினார்கள். புது விண்ணப்பங்களுக்குத்தான் என்ற விளக்கம் மறுநாள்தான் வந்தது. நல்லவேளை, அப்போது புரட்டாசி, அதுவும் மகாளய அமாவாசை நேரம். நம் பக்கம் கல்யாணம் குறைவு. பஞ்சாங்கம் காப்பாற்றியது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

டிசம்பரில் பஞ்சாங்கமும் காப்பாற்றவில்லை. விண்ணப்பதாரர்களின் சமூக வலைதளக் கணக்குகளைச் சோதிக்கும் நடைமுறை ஹெச்-1பி, ஹெச்-4 விசாக்களுக்கு டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்காக, இந்தியாவில் ஏற்கெனவே கொடுத்திருந்த நேர்காணல் தேதிகள் மார்ச்சுக்கும் அதற்குப் பிறகும் தள்ளிப்போயின. கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்துக்கு வந்து, அப்படியே மார்கழியில் ஸ்டாம்பிங் முடித்துப் போகலாம் என்று கணக்குப் போட்டவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அங்கே வீட்டுக்கடன், கார் தவணை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. எத்தனை மாதம் இங்கிருந்து வேலை பார்க்கக் கம்பெனி விடும் என்பது தெரியாது.

ஆகவே, "மச்சான் ஒரு மூணு நாள் வந்துட்டுப் போயேன், என்ன கொறஞ்சு போச்சு?" என்று போனில் கேட்கும் முன், அவர் பாஸ்போர்ட்டில் இருக்கும் முத்திரை எந்தத் தேதி வரை செல்லும் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். வராதவருக்குப் பாசம் குறைந்துவிட்டது என்று மொய் எழுதும் இடத்தில் பேசுவது நியாயமில்லை. பச்சை அட்டை வைத்திருப்பவரையும் ஹெச்-1பி-யில் இருப்பவரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

அடுத்தது நகை. தாய்மாமன் துபாயிலிருந்து வந்தால் கையில் தங்கம் இருக்கும் என்று ஊரே நினைக்கும். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்தவர்களுக்கு மட்டும்தான் வரியில்லாத நகைச் சலுகை உண்டு. ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம். 2016 விதிகளில் இதற்கு ரூபாய் வரம்பும் இருந்தது. ஆணுக்கு 50,000, பெண்ணுக்கு ஒரு லட்சம். அன்று பவுன் சுமார் 22,000 ரூபாய், அதனால் ஐந்து பவுனும் ஒரு லட்சமும் ஏறக்குறைய ஒத்துப்போயின. 2025 டிசம்பரில் ஒரு பவுனே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. விதிப்படி 40 கிராம், விலைப்படி ஒரே பவுன் என்ற கேலிக்கூத்தாக அது மாறியிருந்தது. 2026 பிப்ரவரியில் வந்த புது விதிகளில் நகைக்கான ரூபாய் வரம்பை எடுத்துவிட்டார்கள், எடை மட்டும்தான் கணக்கு. ரொம்ப தாமதமாக வந்த நல்ல மாற்றம். அதற்கு மேல் கொண்டுவந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுவதே பாதுகாப்பு. இங்கிருந்து சொந்த நகையோடு வெளிநாடு போகிறவர்கள், கிளம்பும்போதே சுங்கத்துறையிடம் சான்றிதழ் வாங்கிவைத்தால், அடுத்த கல்யாணத்துக்கு அதே ஆரத்தைப் போட்டுக்கொண்டு வரும்போது வாக்குவாதம் இருக்காது.

பழனி வட்டாரத்துக்கென்று தனியாக ஒன்று. தையில் முகூர்த்தம் பார்க்கும்போது தைப்பூசத்தை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். 2026-ல் பூசம் சரியாக பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. திண்டுக்கல் சாலை முழுக்கப் பாதயாத்திரை பக்தர்கள், பழனியில் லாட்ஜ் ரூம் கிடைக்காது. விமானத்தில் வந்தவர் ஒட்டன்சத்திரம் தாண்டி காரில் ஊர்ந்துகொண்டிருப்பார்.

மணப்பெண்ணோ மாப்பிள்ளையோ வெளிநாடு திரும்புகிறவர் என்றால், திங்கள் அல்லது செவ்வாயைக் குலதெய்வத்துக்கு மட்டும் எழுதிவைக்காதீர்கள். 2009-ம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிய வேண்டும், அபராதத்தோடு 150 நாட்கள் வரை. சட்டம் அவ்வளவு அவகாசம் தந்தாலும், துணைவர் விசாவுக்கு அந்தச் சான்றிதழ்தான் முதல் காகிதம். ஆளே கிளம்பிப் போய்விட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் யாரைக் கொண்டுபோய் நிறுத்துவது? பத்திரிகை, போட்டோ, இருவரின் முகவரிச் சான்று, சாட்சிகள் எல்லாவற்றையும் கல்யாணத்துக்கு முந்தின வாரமே தயார் செய்துவிடுங்கள். திங்கள் காலையில் பதிவு, அது முடிந்ததும் கோயில்.