ரைன் நதியின் குறுக்கே ஓர் அணை

1876-இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் ரிஷார்ட் வாக்னரின் ‘நிபெலுங்கின் மோதிரம்’ இசைநாடகம் நான்கு இரவுகளாக முதன்முறை முழுமையாக அரங்கேறியது. நூற்றாண்டு நினைவாக 1976-இல் அதே அரங்கில் ஒரு புதிய தயாரிப்பு வந்தது. ரைன் நதியின் ஆழம் இருக்கவேண்டிய இடத்தில் நீர்மின் அணை ஒன்று நின்றது. தங்கத்தைக் காக்கும் நதிக்கன்னியர் மூவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாலியல் தொழிலாளர்களின் உடையில் அங்கே உலவினார்கள். இயக்குநர் பேட்ரிஸ் ஷெரோவுக்கு அப்போது 31 வயது. அவரும் இசை நடத்துநர் பியர் பூலேஸும் பிரெஞ்சுக்காரர்கள். கூச்சலும் விசிலும் அரங்கை நிறைத்தன, எதிர்ப்புத் துண்டறிக்கைகள் பறந்தன. வாக்னர் எழுதாததை வாக்னர் மேல் ஏற்றிவிட்டார் என்பதே குற்றச்சாட்டு. ஆனால் அந்த அணையை ஷெரோ வெளியிலிருந்து கொண்டுவரவில்லை, வாக்னரின் எழுத்துக்குள்ளிருந்தே எடுத்தார் என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்தக் கதையில் இயற்கைக்கு முதல் கேடு செய்தவன் யார்? முதல் இரவை மட்டும் பார்ப்பவர், தங்கத்தைத் திருடிய குள்ளன் ஆல்பெரிஷ் என்பார். நான்காம் இரவு அதைத் திருத்துகிறது. விதியின் கயிற்றைத் திரிக்கும் மூன்று சகோதரிகள் பழங்கதை சொல்கிறார்கள்: தேவர் தலைவன் வோட்டான் உலகமரத்தின் கிளையை ஒடித்துத் தன் ஈட்டியைச் செய்துகொண்டான், அந்தக் காயத்தால் மரம் பட்டுப்போனது, அதனடியில் இருந்த ஊற்றும் வற்றியது. அவன் உலகை ஆளும் ஒப்பந்தங்கள் பொறிக்கப்பட்டிருப்பது அந்த ஈட்டியில்தான். ஆக, முதல் இரவின் திரை விலகுமுன்பே அதிகாரம் இயற்கையின்மேல் கைவைத்துவிட்டது. ஆல்பெரிஷ் இரண்டாவது திருடன். கைபடாத நதியைக் காட்டும் மேடை எவ்வளவு அழகாக இருந்தாலும், நான்காம் இரவை மறந்த மேடை அது. அணை அதை மறக்கவில்லை. இயந்திர யுகமும் இந்தப் படைப்புக்கு அந்நியமல்ல. குள்ளர்களின் சுரங்க உலகுக்குள் நாம் இறங்கும்போது ஒலிக்கும் 18 பட்டடைகளை இசைக்குறிப்பில் எழுதி வைத்தவர் வாக்னர். 1849 டிரெஸ்டன் கிளர்ச்சியில் பங்கெடுத்து நாடுவிட்டு ஓடியவர் அவர். 1877-இல் தேம்ஸ் நதியில் பயணம் செய்தபோது, ஆல்பெரிஷின் கனவு இங்கே நனவாகிவிட்டது என்ற பொருளில் அவர் சொன்னதை மனைவி கோஸிமா நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பெர்னார்ட் ஷா 1898-லேயே இந்தப் படைப்பைத் தொழில் முதலாளியத்தின் கதையாக வாசித்துக்காட்டினார். ஷெரோ அந்த வாசிப்புக்கு மேடையில் உடல் கொடுத்தார்.

நதி எப்படி இருக்கவேண்டும் என்று வாக்னரே மேடைக்குறிப்பு எழுதியிருக்கிறாரே என்று கேட்கலாம். எழுதினார்தான். ஆனால் தானே இயக்கிய 1876 மேடையில் அவருக்கே திருப்தியில்லை. அதைவிட வலுவான மறுப்பு இசையிலிருந்து வருகிறது. ஒரே ஸ்வரக்கட்டில் 136 இசை அளவுகள் வளர்ந்து நதியாகும் முதல் இரவின் முன்னிசையில் இயந்திரத்தின் சுவடே இல்லை. கண் ஒன்றையும் காது வேறொன்றையும் சொல்லலாமா? இங்கே சொல்லலாம் என்றே நினைக்கிறேன். எது இழக்கப்பட்டது என்பதைக் காது அறிகிறது, மிஞ்சியது எது என்பதைக் கண் காண்கிறது. இந்த இடைவெளியில்தான் கதையின் துயரம் முழுதும் இருக்கிறது. கன்னியர் விஷயத்தில் மட்டும் ஷெரோ ஓரடி அதிகம் வைத்துவிட்டார். அவர்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி ஆல்பெரிஷுக்கு ஆசைகாட்டி உதறுவது மூலத்தில் உண்டு, ஆனால் அவர்கள் எதையும் விற்பதில்லை. பறிபோன தங்கத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் எந்த இயக்குநரும் எதையும் செய்யலாமா? கூடாது. 1980-இல் இதே தயாரிப்பின் கடைசி நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கைதட்டல் நீடித்தது. அதுகூட எனக்குச் சான்றல்ல. மேடையில் புகுத்தப்படும் ஒவ்வொன்றும் மூலத்தில் எந்த இடத்துக்குப் பதில் சொல்கிறது என்று கேட்டாக வேண்டும். இரண்டாம் இரவில் ஷெரோ பெரிய ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டார். எல்லாம் முடியட்டும் என்று வோட்டான் வேண்டும் கணத்தில் அந்த ஊசலை அவனே கையால் பிடித்து நிறுத்துகிறான். வாக்னரின் குறிப்பில் ஊசல் கிடையாது. ஆனால் தன் அழிவைத் தானே விரும்பும் ஆட்சியாளன் அங்கே இருக்கிறான், அவனை இதைவிடத் தெளிவாகக் காட்டிய இன்னொரு மேடையை நான் அறியேன்.