ஏட்டில் ஏறாத கொசுவம்

உடை உடுத்தும் முறையை எழுதிவைப்பது எழுத்தாளன் வேலையன்று. அது தையற்காரனுக்கும் பெண்டிருக்கும் உரியது எனக் கருதுவோர் மலேசியத் தமிழரிடையே பலர் உளர். அக்கருத்தின் பிழையைப் பேராக் மாநிலத்துப் பத்து காஜாவில் நிற்கும் கெல்லி கோட்டையே உணர்த்தும்.

அதனைக் கட்டத் தொடங்கிய வில்லியம் கெல்லி சுமித் ஸ்காட்லாந்துக்காரர். வேலை முடியுமுன்னே, 1926இல், லிஸ்பனில் மறைந்தார். கட்ட உழைத்தோர் தமிழர். அவர்களுக்கென அருகில் எழுந்த மாரியம்மன் கோயிலின் மேல், துரையின் உருவெனச் சொல்லப்படும் சுதைச் சிற்பம் ஒன்று மேல்நாட்டு உடையுடன் நிற்கிறது. துரையின் உடை சுதையிலேனும் பதிந்தது. சுமந்தவர் உடை எதிலும் பதியவில்லை.

அத்துரையின் நாட்டு ஆடவர் இடையில் உடுத்தும் கில்ட்டை 1746ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 1782 வரை அத்தடை நீங்கவில்லை. ஆயினும் அது அழியவில்லை. முதலில் படைப்பிரிவுகள் காத்தன; பின்னர் ஏடுகள் காத்தன. 1914இல் லவுடன் மக்வீன் டக்ளஸ் அதற்கெனத் தனி நூலே எழுதினார். தையல் நூல்கள் கூறும் செய்முறை மிக நுட்பமானது. ஏறத்தாழ எட்டுக் கஜத் துணி. இடை, பிட்டம், நீளம் என மூன்றே அளவுகள். முன்புறம் இரு தட்டையான பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும், மடிப்பெல்லாம் பின்புறமே. துணியின் கட்டங்கள் வெளியே குலையாமல் தொடரும் இடம் பார்த்து ஒவ்வொன்றையும் மடிக்க வேண்டும். பிட்டத்தில் அகன்று இடையில் குறுகுமாறு கையால் தைத்து, உள்ளே தேங்கும் மிகைத்துணியை வெட்டி நீக்கி, கித்தான் வைத்து மூட வேண்டும். இன்றைய கில்ட்டை உருவாக்கியவர் ஓர் ஆங்கிலேய இரும்பாலை முதலாளியே என்று 1983இல் வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் எழுதிச் சீண்டியபோதும், வழக்காட அந்நாட்டார் கையில் ஏடுகள் இருந்தன.

மடிப்பைப் பின்னே தள்ளி முன்புறத்தைத் தட்டையாக விடும் அறிவு தமிழருக்குப் புதிதோ? குனிந்து நிமிர்ந்து உழைப்பவளின் காலைத் தடுக்காத பின்கொசுவம் அதுவே அன்றோ! பால்மரக் காட்டில் அது கைலிக்கும் ஆடவரின் முழுக்கைச் சட்டைக்கும் தலைத்துண்டுக்கும் இடம் விட்டது. கொசுக்கடியைத் தடுக்கவும், உலர்ந்தால் துணியை விட்டுப் போகாத பாலுக்கு ஈடுகொடுக்கவும் அப்பெண்கள் தாமே வகுத்த வேலையுடை அது.

இவற்றை எச்சட்டமும் தடை செய்யவில்லை. 'தோட்டக்காட்டு உடை' என்னும் ஏளனமே போதுமாயிற்று. அதுவும் பெரும்பாலும் படித்த பிள்ளைகளின் வாயிலிருந்தே வந்தது. தோட்டத்து வறுமையைப் பாடிய எழுத்தாளரோ கண்ணீரை அளந்தனர், துணியை அளக்கவில்லை. வறுமையின் உடையைப் போற்றுவதா எனச் சிலர் சினப்பர். கில்ட்டும் ஏழை மலைநாட்டார் உடையாயிருந்ததே!

இன்று கொசுவம் தைத்தே வைத்த சேலை கடைகளில் விலைக்குக் கிடைக்கிறது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போயின. அங்குப் பிறந்து வளர்ந்த மூதாட்டியர் ஈப்போவின் வீடமைப்புப் பகுதிகளில் பிள்ளைகளோடு வாழ்கின்றனர். அவர்கள் தாய்மார் உடுத்தியது எத்தனை முழம், முடிச்சு எப்பக்கம், கொசுவம் எத்தனை மடிப்பு என்று கேட்டு எழுத ஒரு பிற்பகல் போதும்.