தில்லை மரத்துக்கு ஒரு தூண்டில்

சிதம்பரத்துக்குப் பேர் கொடுத்த தில்லை மரத்தை இப்போ பார்க்கணும்னா பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குத்தான் போகணும். அதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. அந்த மரத்துலயும் மருந்து தேடறாங்க. தேடட்டும், நல்லதுதான். ஆனா "இலைச்சாறு நொதியைத் தடுக்கிறது, சர்க்கரைக்கு மருந்து ரெடி" ரேஞ்சுக்கு வர்ற செய்திகளைப் பார்த்தாத்தான் எனக்குக் காண்டாகுது.

சாறை ஊத்தினதும் நொதி வேலையை நிறுத்திடுச்சு, சரி. நிறுத்தினது யாரு? உள்ள நூத்துக்கணக்கான பொருள் இருக்கு. அலையாத்தி மரங்கள்ல டானின் வேற எக்கச்சக்கம். அது எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கும்; தோல் பதனிடறதே அந்தக் குணத்தை வெச்சுத்தான். நொதியும் புரதம்தானே மக்களே!

இதுக்கு ஒரு அழகான வழி இருக்கு. மேக்னடைட்னு காந்தத்துக்கு இழுபடற இரும்பு ஆக்சைடு. அதை 10 நானோமீட்டர் துகளாக்கினா 1 கிராமுக்கு 100 சதுர மீட்டருக்கு மேல பரப்பு கிடைக்கும் (ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்!). அந்தத் துகள் மேல நொதியை ஒட்டவெச்சு சாறுல கலக்கணும். நொதியோட சேரக்கூடியது மட்டும் பிடிச்சுக்கும். வெளியே காந்தத்தை வெச்சா துகளெல்லாம் ஓரமா ஒதுங்கிடும். மிச்சத்தைக் கொட்டி, அலசி, மாட்டினதைக் கழட்டி குரோமட்டோகிராஃபியில விட்டா தனித்தனியா பிரியும். யாருன்னு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் துப்புக் கொடுக்கும். டானின் இங்கயும் வந்து ஒட்டும், விடாது கருப்பு :-) அதனால சூடாக்கிக் கெடுத்த நொதியை வெச்சு இன்னொரு தடவை தூண்டில் போடணும். ரெண்டுலயும் மாட்டினா ஆள் சந்தேகக் கேஸ். அப்புறமும் மாட்டினதைத் தனியா எடுத்து, நிஜமாவே தடுக்குதான்னு பார்க்கணும்.

காந்தம் இல்லாமலும் சாதிச்சிருக்காங்க. நம்ம சித்த வைத்தியத்துலயும் இலங்கையிலயும் சர்க்கரைக்குக் கொடுக்கிற பொன்கொரண்டியிலிருந்து, ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதியைத் தடுக்கும் சலாசினாலைப் பிரிச்சு 1997ல வெளியிட்டது ஜப்பான்காரங்க. செடி நம்மது, பேர் வெச்சது அவங்க.

பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் இருக்கு. கடலூர் சிப்காட்ல மருந்துத் தொழிற்சாலைகள் இருக்கு. குரோமட்டோகிராஃபி கருவி இல்லாம அந்தத் தொழிலே ஓடாது. நடுவுல 50 கிலோமீட்டர்கூட இல்லை. ராத்திரி சும்மா நிக்கிற கருவியில மாணவர்களுக்கு ரெண்டு மணி நேரம் கொடுத்தா குடியா முழுகிடும்?

உள்ளே என்ன இருக்குன்னு தெரியாத பொடிக்கு அளவு சொல்ல முடியாது. சர்க்கரை மாத்திரையோட அதையும் சேர்த்து முழுங்கி, நடுராத்திரி சர்க்கரை சர்ருன்னு இறங்கினா, எதைக் குறைக்கிறதுன்னு டாக்டருக்கும் தெரியாது.

டிஸ்கி: பிச்சாவரம் படகுல போறவங்க தில்லை இலையைக் கிள்ளிப் பார்க்காதீங்க சாமி.