மொழி தேவைப்படாத சிகிச்சை என்று ஒன்று உண்டா?

உணவுண்ணல் கோளாறுகளுக்கான குழு அறிதிறன் மீளமைப்புச் சிகிச்சையை ஆதரிப்போர் அடிக்கடி கையாளும் வாதம் ஒன்று உண்டு: 'இதில் உணவும் எடையும் உடலும் பேசப்படுவதில்லை, புதிர்களும் படங்களும் மட்டுமே. ஆகவே எப்பண்பாட்டுக்கும் எம்மொழிக்கும் இது அப்படியே பொருந்தும்.' இவ்வாதத்தின் முற்பாதி உண்மை. பிற்பாதி பிழை, நோயாளிக்குத் தீங்காகக்கூடிய பிழை.

முற்பாதியை மறுப்பதற்கில்லை. மனநோய்களுள் மிகுதியான உயிரிழப்பை விளைவிப்பவற்றில் அனோரெக்சியா நெர்வோசா ஒன்று. கடுமையாக மெலிந்து படுக்கையில் இருப்பவரிடம் உணவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அவர் மேலும் இறுகிப்போகலாம். மூளைக்காயத்துக்கும் மனச்சிதைவுக்கும் பயன்பட்ட பயிற்சிகளை இலண்டனில் கேட் சான்டூரியா குழுவினர் இந்நோய்க்கு ஏற்ப மாற்றியமைத்தனர். ஒரு விதியிலிருந்து மற்றொன்றுக்கு மாற இயலாத சிந்தனை இறுக்கமும், முழுமையை விட்டு நுணுக்கத்தில் சிக்கும் பார்வையுமே அவற்றின் இலக்கு. எடையைக் கூட்டும் மருந்து இதுவென்று யாரும் உரிமை கோரவில்லை. பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்களின் அனோரெக்சியாவுக்கு முதன்மையாகப் பரிந்துரைக்கப்பட்ட உளச்சிகிச்சைகளுள் இது இல்லை. துணைச் சிகிச்சை என்பதே இதன் இடம்.

இனிப் பிற்பாதி. இச்சிகிச்சையின் அடையாளமான பயிற்சியில் ஒருவர் ஒரு வடிவத்தைச் சொற்களால் விவரிப்பார். மற்றவர் அதைப் பாராமல் வரைவார். விவரிப்பவர் முழுமையிலிருந்து தொடங்குகிறாரா, நுணுக்கத்திலிருந்தா என்பதே கவனிக்கப்படுவது. ஆங்கிலத்தின் இயல்பான சொல்லொழுங்கில் சிறிய வட்டம் முதலில் வரும், அதைச் சூழும் சதுரம் பின்னர் வரும். தமிழோ 'பெரிய சதுரத்துக்குள் சிறிய வட்டம்' என்று சூழ்வதை முன்வைக்கும். இலக்கணம் செய்த வேலையை நோயாளியின் சிந்தனைப் பாங்கு என்று குறித்துக்கொள்ளும் சிகிச்சையாளர் எதைக் கவனித்தவராவார்?

அடுத்தது ஸ்ட்ரூப் வகைப் பயிற்சி: நீல மையில் அச்சிட்ட 'சிவப்பு' என்னும் சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்வது. வாசிப்பு தன்னியல்பாக நிகழும் எழுத்தில்தான் இதன் இடர்ப்பாடு முழுமையாக வெளிப்படும். ஆங்கிலத்தைத் திக்கித்திணறிப் படிப்பவருக்குச் சொல் குறுக்கிடுவது குறைவு. அவர் நெகிழ்வானவராகத் தோன்றிவிடுவார். சொற்களை மட்டும் தமிழாக்கினால் வேறு சிக்கல் முளைக்கும். 'மஞ்சள்' சமையலறைப் பொருளும்கூட. 'பச்சை' வேகாத உணவையும் குறிக்கும். நீண்ட பத்தியின் சாரத்தைப் பழமொழியாகச் சொல்லச் சொன்னால் 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' வந்து நிற்கக்கூடும். உணவு பேசப்படாத அறைக்குள் உணவைக் கொண்டுவருவது இங்கே அகராதியே.

'இங்கே இச்சிகிச்சைக்கு வருவோர் பெரும்பாலும் ஆங்கிலம் படித்தவர்கள்தாமே' என்பது அடுத்த சமாதானம். பாடத்தை ஆங்கிலத்தில் படித்தவர் தம் மனத்தையும் ஆங்கிலத்தில் படிப்பார் என்பதற்கு என்ன உறுதி? இச்சிகிச்சையின் உயிர் புதிரில் இல்லை. புதிருக்குப் பின் வரும் உரையாடலில் இருக்கிறது. 'இதே பிடிவாதம் என் அன்றாடத்தில் எங்கே தென்படுகிறது?' என்று அவர் குழுவின் முன் சொல்ல வேண்டும். பிறகு வழக்கமான பாதையை விட்டு வேறு வழியாக வீடு திரும்புதல், அலமாரியை வேறு ஒழுங்கில் அடுக்குதல் போன்ற சிறு மாற்றங்களை வீட்டில் செய்து பார்க்க வேண்டும். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று தாய் கேட்கும்போது மறுமொழி வீட்டு மொழியில்தான் இருக்கும். அம்மொழியில் அதற்குரிய சொற்களை அமர்வு தந்திராவிட்டால், கற்றது மருத்துவமனை வாசலிலேயே நின்றுவிடும்.

இதனால் இழப்பு யாருக்கு? பிழையற்றிருந்தாலன்றித் தமக்கு மதிப்பில்லை என்று நம்பும் நோயாளிகள் இவர்களுள் பலர். பழகாத மொழியில், சக நோயாளிகள் முன்னிலையில் தடுமாறும் ஒருவருக்கு அந்த அமர்வு இன்னொரு தேர்வாகிவிடும். 'சரியான விடை ஒன்றே' என்ற பிடியைத் தளர்த்த வந்த சிகிச்சை அதை இறுக்கி அனுப்பும்.

ஆகவே ஒவ்வோர் இந்திய மொழியிலும் பயிற்சிகளைப் புதிதாக இயற்ற வேண்டும். அம்மொழி பேசுவோரிடம் முதலில் சோதிக்க வேண்டும். பன்மொழி அறைகளில் யார் எம்மொழியில் பேசுவது என்பதைச் சிகிச்சைத் திட்டத்திலேயே எழுத வேண்டும். உளவியல் துறைகள் இதை மொழிபெயர்ப்பாளரின் கடைசி நேர வேலையாக ஒதுக்குவதும், மொழியியல் துறைகள் தமக்குரிய வேலையில்லை என்று விலகி நிற்பதும் ஒருசேர முடிவுக்கு வர வேண்டும்.