அணையாத விளக்கு



காலை இழந்தவர்களும் முதுகில் காயப்பட்டவர்களும் இன்று கார் ஓட்டுகிறார்கள். வசதிக்காக ஆசனத்தை மாற்றுவிப்பதும் உண்டு. அப்படி மாற்றிய ஒரு சகோதரியின் காரில் எயார்பாக் விளக்கு அணையவேயில்லை. "அது சும்மா எரியும் அக்கா, ரேப் ஒட்டிவிடுங்கோ" என்றாராம் கராஜ்காரர். என்னிடம் கேட்டார். ஒட்ட வேண்டாம் என்றேன்.

சாவியைத் திருப்பியதும் அவ்விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால், விபத்தின்போது காற்றுப்பை விரியாமற் போகலாம். பல கார்களில் ஆசனத்தின் பக்கவாட்டிலும் ஒரு காற்றுப்பை உண்டு. அதற்குரிய மஞ்சள் நிற வயர்ச் சொருகி ஆசனத்தின் கீழே இருக்கும். அது கழன்றாலோ தளர்ந்தாலோ காரின் கணினி பழுதெனப் பதிந்துகொள்ளும். மீண்டும் சொருகினாலும், ஸ்கானர் கருவியால் அப்பதிவை அழிக்கும்வரை பெரும்பாலும் விளக்கு எரியும்.

நாமாக அதைத் தொடக்கூடாது. பற்றரியின் மறை முனையைக் கழற்றிச் சற்றுப் பொறுத்த பின்னரே வேலை தொடங்க வேண்டும். பல டொயோட்டா கார்களுக்குக் குறைந்தது 90 விநாடிகள். காற்றுப்பையின் வயரில் மீற்றர் வைத்துச் சோதித்தால் பை திடீரென வெடித்து விரியக்கூடும்.

விளக்கின் வயரை வெட்டுவதும் அதை மூடி ஒட்டுவதும் திருத்தம் அல்ல. ஆபத்து அப்படியே இருக்கும். எமக்குத் தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே கராஜில் கேளுங்கள்: "மஞ்சள் சொருகியைப் பார்த்தீர்களா? ஸ்கான் செய்தீர்களா?" பதில் கிடைக்கும்வரை காசு கொடுக்க அவசரப்படாதீர்கள். காரில் இருக்கப்போவது நீங்களும் உங்கள் பிள்ளைகளுமே.